அத்து நடப்பவர்கள்

அந்த வார்த்தையைத் தேர்ந்தெடுத்தது ஷாலின்தான். பிறகு நடந்ததற்கெல்லாம் யார் யாரோ காரணம் என்று பேசிக்கொண்டார்கள். ஆனால் தொடக்கம் தன்னிடமிருந்துதான் என்பதை அவள் ஒருநாளும் மறுத்ததில்லை.

ஒரகடத்தில் கார் இருக்கைகளுக்கு இரும்புச் சட்டம் வெல்டிங் செய்கிற கம்பெனி அது. ஷாலின் அங்கே எச்.ஆர். பிரிவில் இரண்டு வருடமாகத் தற்காலிக உதவியாளர், படப்பையிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவள். கேன்டீன் சுவரில் 'சோற்றை வீணாக்காதீர்' என்று ஒட்டுவதிலிருந்து தொழிலாளிக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுப்பது வரை, தமிழில் எழுத வேண்டியது எல்லாம் அவள் தலையில்தான் வந்து விழும். மேலே இருப்பவர்களுக்குத் தமிழ் பேச வரும், நன்றாகத் திட்டவும் வரும். எழுதச் சொன்னால் மட்டும் அவசர மீட்டிங் வந்துவிடும்.

ரோபோக்கள் வேலை செய்கிற இடங்களைச் செல் என்பார்கள். மொத்தம் ஒன்பது செல்கள். ஒவ்வொன்றையும் சுற்றித் தரையில் மஞ்சள் கோடு, கணுக்கால் உயரத்தில் ஒரு லேசர் ஸ்கேனர். கோட்டைத் தாண்டி ஒரு கால் உள்ளே வந்தாலும் ஸ்கேனர் பார்த்துவிடும். பீப் என்று ஒரு சத்தம், ரோபோ அப்படியே நின்றுவிடும். இந்த இருக்கைச் சட்டங்களை வாங்குகிற பெரிய கம்பெனியிலிருந்து சண்முகசுந்தரம் என்ற தணிக்கைக்காரர் வந்தார். வெறும் பீப் போதாது, தமிழில் ஒரு குரல் எச்சரிக்கை வேண்டும் என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். காகிதம் வழக்கம்போல ஷாலினின் மேஜைக்கு வந்தது.

'மீறல்' என்று மட்டும் போட்டால் மொட்டையாக இருந்தது. 'விதிமீறல்' என்றால் ஹெல்மெட் போடாதவனை டிராபிக் போலீஸ் ஓரங்கட்டுவது போல இருந்தது. 'வரம்பு மீறல்' சம்பந்திச் சண்டையில் வருகிற பேச்சு. கடைசியில் 'அத்துமீறல்' என்று முடிவு செய்தாள். அதில் ஒரு கண்டிப்பு இருந்தது. மீறல் சரி, அதென்ன அத்து என்று அவள் அப்போது யோசிக்கவில்லை. நாம் எல்லோருமே பாதி வார்த்தைகளை அர்த்தம் தெரியாமல்தானே ஆயுசு முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். கான்பரன்ஸ் அறையில் ஏ.சி.யை அணைத்துவிட்டு அவளே பேசினாள். "அத்துமீறல். பின்னால் நகரவும்." மூன்றே டேக். ஒரு திங்கட்கிழமை ஒன்பது செல்களின் கம்பங்களிலும் ஸ்பீக்கர் ஏறியது.

அன்று காலை பதினொன்று நாற்பதுக்குச் செல் ஏழு பேசியது. ரோபோ நின்றது. உள்ளே யாரும் இல்லை.

செவ்வாய்க்கிழமையும் பதினொன்று நாற்பது, புதன்கிழமையும் அதே. மெயின்டனன்ஸ் டெக்னீஷியன் தாவீது ஸ்கேனர் கண்ணாடியைத் துடைத்தான், கேபிளை மாற்றினான், கடைசியில் ஸ்கேனரையே மாற்றிப் பார்த்தான். ஒன்றும் மாறவில்லை. உண்மையைச் சொன்னால் செல் ஏழு அந்த நேரத்தில் நிற்பது புதிதே அல்ல. பில்டிங் கட்டிய நாளிலிருந்து நின்றுகொண்டுதான் இருந்தது. அப்போதெல்லாம் பீப் மட்டும்தான். ஆபரேட்டர் ரீசெட்டை அழுத்திவிட்டு டீ குடிக்கப் போய்விடுவான். இப்போது ஒரு பெண் குரல் அத்துமீறல் என்று சொல்வதால், மீறியது யார் என்று எல்லோரும் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தார்கள். பார்த்தால் ஒருவரும் இல்லை.

செல் ஏழின் ஆபரேட்டர் ஐயனார். இருபத்தெட்டு வயது, சாயல்குடிப் பக்கத்து ஆள், ஐ.டி.ஐ. படித்துவிட்டு வந்து சேரப்பணஞ்சேரியில் நான்கு பேரோடு ஓர் அறையில் இருக்கிறான். ஊரில் மனைவி நாச்சியாருக்கு ஏழு மாதம். இந்த வேலை நிரந்தரமானதும் அவளை இங்கே அழைத்துக்கொள்வதாக இருந்தான். குரலைக் கொஞ்சம் குறைக்க முடியுமா என்று கேட்க வந்தவன், ஷாலினிடம் சாதாரணமாகச் சொன்னான்: "யாரோ நடக்காகக்கா. வெள்ளன வந்து நடக்கல, இந்நேரத்துக்குன்னு பாத்து நடக்காக."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. தாவீது லேப்டாப்பைத் திறந்து காட்டியபோது சிரிப்பு நின்றது. ஸ்கேனர் தான் பார்த்த இடத்தையெல்லாம் திரையில் சிவப்புப் புள்ளியாகப் போட்டு வைத்திருந்தது. பத்து நாளின் புள்ளிகளும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து ஒரே கோடாகியிருந்தன. வடகிழக்கு மூலையில் நுழைந்து, ரோபோவின் அடியைக் கடந்து, தென்மேற்கு மூலையில் வெளியேறுகிற சாய்ந்த கோடு. கடக்க எடுத்துக்கொள்ளும் நேரம் பதினோரு வினாடி. தலையில் சுமையோடு நடக்கிறவர்களின் வேகம் அது என்று தாவீது சொன்னான். சொன்ன பிறகு ஏன் சொன்னோம் என்பதுபோல லேப்டாப்பை மூடிவிட்டான்.

அன்று மாலை ஷாலின் முதல் வேலையாக அகராதியைப் பார்த்தாள். அத்து என்றால் எல்லை. அரபியில் 'ஹத்' என்ற சொல், உருது வழியாக வந்தது என்று போட்டிருந்தது. டிஸ்பாட்ச் பிரிவு ஃபாத்திமாவிடம் கேட்டதற்கு, தங்கள் வீட்டில் பிள்ளைகள் ஆட்டம் போட்டால் ஹத்தைத் தாண்டாதே என்றுதான் அதட்டுவார்கள் என்றாள். நிலம் அளந்து வரி போட்டவர்களோடு வந்த வார்த்தையாக இருக்கலாம் என்று ஷாலின் தானாக ஒரு கணக்குப் போட்டுக்கொண்டாள். எங்கிருந்தோ வந்து, எல்லைக் கல்லில் உட்கார்ந்து, வயலிலிருந்து கோர்ட்டுக்குப் போய், கோர்ட்டிலிருந்து அவள் வாய்க்கு வந்திருக்கிறது.

மறுநாள் அவள் அறையைப் பெருக்க வந்த பாப்பம்மாள் துடைப்பத்தைச் சாத்திவைத்துவிட்டு நின்றாள். பாப்பம்மாளுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும், பக்கத்து ஊர்க்காரி. இந்தக் கம்பெனி நிற்கிற நிலத்தில் களை பறித்தவள், இப்போது அதே நிலத்தை ஈரத் துணியால் துடைக்கிறாள். ஷாப் ஃபுளோரில் செல் ஏழு வந்ததும் அவள் மாப்பு ஒரு முழம் வளைந்து போவதை ஷாலின் கவனித்திருக்கிறாள்.

"அந்த வார்த்தைய ஏம்மா அதும் வாயில வெச்ச?" என்று கேட்டாள் பாப்பம்மாள். "சும்மா போய்கினு இருந்தத பேரச் சொல்லி கூப்ட்டுட்டியே."

பிறகு அவள் சொன்ன கதை இதுதான். அவர்கள் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவில் அத்துக் கல் வரிசை இருந்தது. நிலத் தகராறு வந்தால் பட்டாவையும் படத்தையும் யாரும் பார்க்க மாட்டார்கள். பாப்பம்மாளின் ஆட்களில் ஒருவர் குளித்து ஈரத்துணியோடு வந்து, அத்து மண்ணை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, உச்சி வெயிலுக்கு முன்னால் ஊருக்கெதிரே நடக்க வேண்டும். அவர் கால் பட்ட வழிதான் அத்து. அதற்குமேல் யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. அதற்கு அத்து நடக்கிறது என்று பேர்.

பொய்யாக நடந்தால் என்னவாகும் என்று ஷாலின் கேட்டாள்.

"நடந்தான் ஒர்த்தன். ஒரு பசுமாட்டுக்கு ஆசப்பட்டுக்கினு நாலு மொழம் தள்ளி நடந்துட்டான். வூட்டுக்கு வந்து படுத்தவன் எய்ந்திரிக்கல. அதோட வுட்டுச்சா? வுடல. தப்பா நடந்தவன் சரியா நடக்குற வரிக்கும் நடந்துகினே இருக்கணும்." பாப்பம்மாள் ஜன்னல் வழியாக ஷாப் ஃபுளோரைப் பார்த்தாள். "சரியா நடக்க கல்லு வோணுமேம்மா. கல்லெல்லாம் புல்டோசர்காரன் தள்ளிட்டான். அவன் எத்த பாத்து நடப்பான்?"

ஷாலின் சர்ச்சில் ஞாயிறு பூசைக்குத் தவறாமல் போகிற குடும்பத்தில் பிறந்தவள். இதையெல்லாம் நம்பக் கூடாது என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஆனாலும் அன்று முதல் செல் ஏழைத் தாண்டும்போது அவள் காலும் ஒரு முழம் வளைந்தது.

புரொடக்‌ஷன் மேனேஜர் பரசுராமனுக்கு இந்தக் கதை ஒன்றும் தெரியாது, தெரிந்தாலும் கேட்க நேரம் இருந்திருக்காது. ஒவ்வொரு முறை நின்றால் மறுபடி ஓட இருபது நிமிடம். ஒரு நாளைக்கு இருபது நிமிடம் என்றால் மாதத்துக்கு எத்தனை சட்டம் என்று அவர் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். மூன்றாவது வாரம் புதன்கிழமை, குரலின் சத்தத்தைச் சரிசெய்ய ஷாலின் செல் அருகே நின்றிருந்தபோது, அவள் காதுபடவே தாவீதிடம் ஜம்பர் போடச் சொன்னார். ஜம்பர் என்றால் ஒரு துண்டு வயர், அவ்வளவுதான். ஸ்கேனரைத் தாண்டிக் கரண்டை நேராக விட்டுவிட்டால் ரோபோவுக்கு முன்னால் யானை வந்து நின்றாலும் தெரியாது. ஊரில் எல்லாக் கம்பெனியிலும் போடுவதுதான். யாரும் எழுதி வைப்பதில்லை. தாவீது தயங்கினான். பொறுப்பு என்னுடையது என்றார் பரசுராமன். தாவீது வயரைப் போட்டு, ஸ்பீக்கரையும் கழற்றிக் கொண்டுவந்து ஷாலினின் அறை பீரோவில் வைத்தான். செல் ஆட்களுக்கு விஷயத்தைச் சொல்ல வேண்டும் என்று இருவருக்கும் தோன்றியது. அவன் சொல்லுவான் என்று அவளும், அவள் நோட்டீஸ் ஒட்டுவாள் என்று அவனும் இருந்துவிட்டார்கள்.

மறுநாள் வியாழக்கிழமை பதினொன்று நாற்பதுக்குச் செல் ஏழில் ஒரு சட்டம் கோணலாக மாட்டிக்கொண்டது. ஐயனார் எப்போதும்போலக் கோட்டைத் தாண்டி உள்ளே கால் வைத்தான். கால் வைத்தால் ரோபோ நின்றுவிடும் என்பது மூன்று வருடமாக அவன் காலுக்குத் தெரிந்த பாடம். ரோபோ நிற்கவில்லை. கை சுழன்றது.

"அத்துமீறல். பின்னால் நகரவும்."

பழக்கதோஷத்தில் ஐயனார் ஓரடி பின்னால் நகர்ந்தான். இரும்புக் கை அவன் நெற்றியை உரசி, தலையிலிருந்த தொப்பியைப் பிய்த்துக்கொண்டு போய் வெல்டிங் சூட்டில் பொசுக்கியது. யாரோ அவசர பட்டனை அடித்தார்கள். லைனில் இருந்த பதினெட்டு பேரும் அந்தக் குரலைக் கேட்டார்கள். பதினெட்டு பேரும் நிமிர்ந்து கம்பத்தைப் பார்த்தார்கள். கம்பத்தில் ஸ்க்ரூ ஓட்டைகள் மட்டும் இருந்தன.

வெள்ளிக்கிழமை காலை பரசுராமன் ஷாலினைக் கூப்பிட்டார். சண்முகசுந்தரத்துக்கு விஷயம் எட்டிவிட்டது, திங்கட்கிழமை விசாரணைக்கு வருகிறார். அதற்குள் ஜம்பரை எடுத்துவிட்டார்கள். இனி வேண்டியது ஒரு காகிதம். ஐயனார் உற்பத்தி இலக்கை எட்டுவதற்காகத் தானாகவே ஜம்பர் போட்டு, தானாகவே அத்துமீறி உள்ளே நுழைந்தான் என்று குறிப்பாணை. நேரில் கண்ட சாட்சியாக ஷாலினே கையெழுத்துப் போட வேண்டும். ஐயனாரை அன்றே வேலையிலிருந்து எடுத்துவிடலாம்.

பரசுராமன் அதட்டவில்லை, அதட்டியிருந்தால் ஒருவேளை அவளுக்குக் கோபமாவது வந்திருக்கும். ஒரு ஃபைலைத் திறந்து காட்டினார். அதில் அவளுடைய நிரந்தர நியமன ஆணை டைப் ஆகி, கையெழுத்துக்குக் காத்திருந்தது. "ரெண்டையும் ஒண்ணா முடிச்சிடலாம்மா. உன் தமிழ்ல எழுதினா நல்லா இருக்கும்," என்றார்.

ஐயனார் அவள் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். நெற்றியில் பிளாஸ்திரி. அவளைப் பார்த்ததும் எழுந்தான். "அக்கா, அந்த வயர நான் தொடவே இல்லக்கா. நீங்கதான் பாத்தீகள்ல. சொல்லுவீகள்ல?"

சொல்கிறேன் என்று தலையாட்டிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். எழுதினாள். கைக்கு அந்த நடை பழகியிருந்தது. 'அத்துமீறி' என்ற சொல் தானாகவே வந்து உட்கார்ந்தது. பேனாவை எடுத்து 'ஷா' என்று கையெழுத்தைத் தொடங்கியபோது, பூட்டிய பீரோவுக்குள்ளிருந்து, போர்வைக்குள் பேசுவதுபோல மங்கலாக, அவளுடைய குரலே சொன்னது.

"அத்துமீறல். பின்னால் நகரவும்."

பீரோவில் இருந்த ஸ்பீக்கருக்குக் கரண்டு கிடையாது. அறுந்த வயர் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. பொய்சாட்சி சொல்லாதே என்கிற எட்டாவது கட்டளை ஷாலினுக்கு ஞாபகம் வந்தது, பாப்பம்மாள் ஞாபகம் வந்தது, அந்த ஃபைலும் ஞாபகம் வந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் கதை நியாயமாக இருக்காது: அவளுக்குக் காது கேட்டது, அர்த்தம் புரிந்தது, பயமும் இருந்தது. அப்படியும் மிச்ச எழுத்துகளைப் போட்டு முடித்தாள்.

ஐயனார் அன்று மாலையே அறையைக் காலி செய்துகொண்டு ஊருக்குப் பஸ் ஏறினான். திங்கட்கிழமை வந்த சண்முகசுந்தரம் குறிப்பாணையைப் படித்தார், பதினெட்டுப் பேரிடம் பேச வேண்டியிருக்கிறது, புதன்கிழமை முடித்துவிடுகிறேன் என்று சொல்லிக் கான்பரன்ஸ் அறையில் உட்கார்ந்துகொண்டார்.

அன்று பன்னிரண்டு மணிக்குத் தாவீது முகம் வெளுத்து வந்தான். ஸ்கேனர் மறுபடி வேலை செய்கிறது, செல் ஏழு வழக்கம்போல நின்றது, அது பெரிய விஷயம் இல்லை என்றான். லேப்டாப்பைத் திருப்பினான். திரையில் இரண்டு கோடுகள் இருந்தன. முதல் கோட்டுக்கு நாலு முழம் தள்ளி இரண்டாவது.

"பின்னாடி இன்னொரு ஆள் நடக்குது," என்றான். "காலடி சின்னது. பொம்பள காலு."

பதினொன்று நாற்பதுக்கு நான் இங்கேதான் சீட்டில் உட்கார்ந்து விடுப்புப் பட்டியல் அடித்துக்கொண்டிருந்தேன் என்று ஷாலின் சொன்னாள். அவன் கேட்காமலே எதற்காகச் சொன்னோம் என்று அவளுக்கே தெரியவில்லை. அவன் போன பிறகு பட்டியலைப் பார்த்தாள். பாதியில் ஒரு பெயர் முடியாமல் நின்றிருந்தது. அதற்கும் அடுத்த வரிக்கும் நடுவில் என்ன செய்தாள் என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. கழுத்து மட்டும் கடுத்தது, குடம் தூக்கி வந்ததுபோல.

செவ்வாய்க்கிழமை ஃபோனில் அலாரம் வைத்துக்கொண்டாள். பதினொன்று முப்பத்தொன்பதுக்கு அலாரம் அடித்ததும் மேஜையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அடுத்து அவளுக்குத் தெரிந்தது, தன் முன்னால் பாப்பம்மாள் நிற்பது. மணி பதினொன்று நாற்பத்திரண்டு. கைகள் மேஜையைப் பிடித்தபடியே இருந்தன. செருப்பில் மட்டும் ஈர மண் அப்பியிருந்தது. எபாக்ஸி பெயிண்ட் பூசிய தரை, கண்ணாடி வைத்த அறை. அந்தக் கம்பெனிக்குள் ஒரு பிடி மண் பார்க்க வேண்டுமென்றால் பூந்தொட்டியைத்தான் கவிழ்க்க வேண்டும்.

பாப்பம்மாள் எட்டி அவள் தலைமுடியைத் தொட்டாள். உச்சியிலிருந்து மண் பொலபொலவென்று கீபோர்டில் உதிர்ந்தது. ஏரிப் பக்கத்துச் சவுட்டு மண்.

பாப்பம்மாள் அதை விரலில் வைத்து முகர்ந்து பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "எந்தப் பசுமாட்டுக்கும்மா நடந்த?"

ஷாலின் அழுதாள். வாயைப் பொத்திக்கொண்டு, வெளியே கேட்காமல், எச்.ஆர். ஆட்கள் அழுவதுபோல அழுதாள். அந்த ஃபைலைப் பற்றிச் சொன்னாள், கையெழுத்தைப் பற்றிச் சொன்னாள், பீரோவில் கேட்ட குரலைப் பற்றியும் சொன்னாள். பாப்பம்மாள் திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. துணியை எடுத்து மேஜையிலிருந்த மண்ணை வழித்துத் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"அவனுக்கு கல்லு பூடுச்சு," என்றாள். "உன் கல்லு இன்னும் கீதேம்மா. சாயல்குடில கீது."

புதன்கிழமை காலை வந்ததும் ஷாலின் கம்ப்யூட்டரைத் திறக்காமல் கையாலேயே எழுத உட்கார்ந்தாள். இந்தத் தேதியில், இந்த நேரத்தில், என் காதுபட, புரொடக்‌ஷன் மேனேஜர் ஜம்பர் போடச் சொன்னார். ஐயனாருக்கு அது தெரியாது. அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர்களில் நானும் ஒருத்தி. வெள்ளிக்கிழமை நான் போட்ட சாட்சிக் கையெழுத்து பொய். அத்துமீறியது அவரல்ல, நான். எழுத எழுத, கண்ணுக்குத் தெரியாத சுமை தலையில் கனத்தது. கழுத்தை நேராக வைத்துக்கொள்ளப் பாடுபட வேண்டியிருந்தது.

கையெழுத்துப் போட்டபோது பீரோ பேசவில்லை. மணி பதினொன்று முப்பது.

கான்பரன்ஸ் அறைக்கு ஷாப் ஃபுளோர் வழியாகத்தான் போக வேண்டும். காகிதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தலை அசையாமல், மெதுவாக நடந்தாள். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன் வண்டியை நிறுத்தி வழிவிட்டான். லைனில் இருந்தவர்கள் ஏன் என்று தெரியாமலே ஒதுங்கி நின்றார்கள். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் பரசுராமன் எழுந்து நிற்பதும் அவள் கையைப் பார்ப்பதும் தெரிந்தது. நியமன ஆணை இனி கிடைக்காது, இருக்கிற வேலையும் இருக்காது. ஃபிரடியிடம், அவள் கணவனிடம், இன்று இரவு என்ன சொல்வது என்று தெரியவில்லை. கால் மட்டும் விலகவில்லை.

சண்முகசுந்தரம் காகிதத்தை வாங்கிப் படித்தார். இரண்டாவது முறையும் படித்தார். பிறகு ஐயனாரின் ஃபோன் நம்பர் இருக்கிறதா என்று கேட்டார். நம்பரைச் சொல்லும்போதுதான் கழுத்து வலி போயிருப்பது அவளுக்குத் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து, தூரத்தில், பீப் என்று செல் ஏழு நின்றது. அறையில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள். ஷாலின் கண்ணை மூடிக்கொண்டாள்.

தாவீது மூச்சிரைக்க ஓடி வந்தான். லேப்டாப்பை அவளிடம் மட்டும் காட்டினான். திரையில் ஒரே ஒரு கோடு இருந்தது, பழைய கோடு. அது வழக்கம்போல வடகிழக்கிலிருந்து நுழைந்து, ரோபோவின் அடியில், கல் இருந்த இடத்தைத் தேடுவதுபோலச் சற்று நின்று, மறுபடி நடந்திருந்தது.